கமடோரா, அமிகாவா, அடாரியா: இசை செய்ய எந்தப் பழைய கம்ப்யூட்டர்?

1980களின் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி அதில் இசை செய்துபார்க்க வேண்டும் என்ற ஆசை இப்போது பலருக்கு வந்திருக்கிறது. அவர்கள் முதலில் கேட்பது, "எதில் சவுண்ட் நன்றாக இருக்கும்?" என்பதுதான். அதைவிட முந்திக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உங்கள் பாட்டைக் கேட்பவர் காதில் அந்த மெஷினே விழ வேண்டுமா, இல்லை, மெஷின் பின்னால் இருந்து வேலை பார்த்தால் போதுமா? இதை முடிவு செய்துவிட்டால் எதை வாங்குவது என்பதில் பெரிய குழப்பம் இருக்காது.

இசைக்குழுக்களின் பெயர்களைப் பார்த்தாலே இந்த வித்தியாசம் தெரியும். 1992-ல் பெர்லினில் தொடங்கிய அடாரி டீனேஜ் ரயட் குழுவின் பெயரில் இருக்கும் அடாரி, அவர்கள் பயன்படுத்திய அடாரி எஸ்டி கம்ப்யூட்டர். ஆனால் அவர்கள் பாட்டில் கேட்பது உடைந்த டிரம் தாளமும், காதைக் கிழிக்கும் கிட்டாரும், கத்தலும்தான். அடாரியின் சொந்தக் குரலை அதில் தேட வேண்டாம். அமெரிக்காவின் தி அடாரிஸ் இன்னும் ஒரு படி மேலே, அது முழுக்கக் கிட்டார் குழு. அடாரி பெயரோடு சரி. டென்மார்க்கின் பிரஸ் பிளே ஆன் டேப் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். கமடோர் 64-ல் கேசட்டிலிருந்து ஒரு விளையாட்டை ஏற்றச் சொன்னால் திரையில் வரும் வாசகம் அது. அந்தக் குழு வாசிப்பதும் கமடோர் விளையாட்டுகளின் இசையைத்தான். ஸ்வீடனின் கோட்டோ80, பேசிக் என்ற நிரல் மொழியின் கட்டளை ஒன்றைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு கமடோரிலேயே இசையமைப்பவர். (1968-லேயே தொடங்கிய அமெரிக்கக் குழு தி கமடோர்ஸை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அப்போது இந்தக் கம்ப்யூட்டர் பிறக்கவே இல்லை.) அமிகாவின் நிலைமைதான் விசித்திரம். இங்கிலாந்தில் ஜங்கிள் என்ற அதிவேக டிரம் நடன இசை செய்த ஒரு தலைமுறையில் பலர் அதில்தான் தொழில் பழகினார்கள். ஆனாலும் அதன் பெயரைத் தாங்கிய புகழ்பெற்ற குழு என்று சட்டென ஒன்றைச் சொல்ல முடியவில்லை.

அடாரி பெயரைக் கொடுத்தது, குரலைக் கொடுக்கவில்லை. கமடோர் இரண்டையும் கொடுத்தது. அமிகா வேலை செய்யும் முறையைக் கொடுத்துவிட்டு மறைந்து நின்றது. எதை வாங்குவது என்ற முடிவும் இந்த வழியாகத்தான் போகிறது.

முதலில் கமடோர் 64. இது 1982-ல் 595 டாலர் விலையில் வந்தது. இதன் ஒலிச் சிப்பான சிட்டை வடிவமைத்தவர் பாப் யானஸ். மற்றக் கம்ப்யூட்டர்களின் ஒலிச் சிப்களை இசை தெரியாதவர்கள் செய்திருக்கிறார்கள் என்பது அவருடைய குறை. அதனால் அவர் கம்ப்யூட்டருக்குள் ஒரு சிந்தசைசரையே வைத்துவிட்டார். பின்னாளில் என்சோனிக் என்ற சிந்தசைசர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். சிட்டில் மூன்று குரல்கள் உண்டு. ஒவ்வொரு குரலுக்கும் முக்கோண அலை, ரம்பப்பல் அலை, பல்ஸ் அலை, இரைச்சல் என நான்கு வடிவங்கள். ஒலி எவ்வளவு வேகமாக எழ வேண்டும், எப்படி அடங்க வேண்டும் என்பதையும் ஒவ்வொரு குரலுக்கும் தனியாக வைக்கலாம். மூன்றுக்கும் பொதுவாக, ஒலியின் ஒரு பகுதியை மழுக்கி மற்றதை விடும் ஒரு அனலாக் ஃபில்டர். இந்த ஃபில்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், முடிவு இதில்தான் வந்து நிற்கப்போகிறது.

மூன்றே குரலில் டிரம், பேஸ், கார்ட் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்), மெட்டு எல்லாவற்றையும் எப்படிக் கொண்டுவந்தார்கள்? ஐரோப்பியக் கமடோரில் இசை நிரல் வழக்கமாக ஒரு விநாடிக்கு 50 முறை ஓடும். ஒவ்வொரு முறையும் ஒரே குரலின் சுருதியை ஸ-க-ப என்று மாற்றிக்கொண்டே இருந்தால், காது அதை மூன்று தனி ஸ்வரங்களாகப் பிரித்துக் கேட்பதில்லை. கொப்பளிக்கும் ஒரு கார்டாகவே எடுத்துக்கொள்கிறது. டிரம்முக்கு இன்னொரு வழி இருந்தது. பேஸ் வாசிக்கும் குரலையே முதல் 1/50 விநாடிக்கு இரைச்சலுக்கு மாற்றுவார்கள். அடுத்த சில தடவைகளில் சுருதியைச் சரசரவென்று கீழே இறக்கினால் "டும்" என்று ஒரு அடி கிடைக்கும். அப்புறம் அதே குரல் பேஸுக்குத் திரும்பிவிடும். ராப் ஹப்பார்ட், மார்ட்டின் கால்வே, பென் டாக்லிஷ் போன்ற பிரிட்டிஷ் இசையமைப்பாளர்கள் விளையாட்டுகளுக்காகச் செய்த வேலை இது. இன்று சிப்டியூன், அதாவது பழைய கம்ப்யூட்டர் சிப் இசை, என்று கேட்டதும் நம் மனதில் ஓடும் அந்தக் குமிழி ஒலி இப்படி இல்லாமையிலிருந்து வந்தது. இன்னும் இரண்டு குரல் இருந்திருந்தால் அது பிறந்தே இருக்காது என்பது என் எண்ணம்.

அந்த ஒலி விளையாட்டோடு நின்றுவிடவும் இல்லை. ஜெர்மனியின் ஸோம்பி நேஷன் 1999-ல் வெளியிட்ட கெர்ன்கிராஃப்ட் 400 பாட்டின் மெட்டு, இன்றுவரை விளையாட்டு அரங்குகளில் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து பாடும் அந்த மெட்டு, 1984-ல் டேவிட் விட்டேக்கர் கமடோருக்குச் செய்த லேஸி ஜோன்ஸ் என்ற விளையாட்டிலிருந்து வந்தது. ஸ்வீடனின் எலக்ட்ரான் நிறுவனம் பழைய சிட் சிப்பை ஒரு பெட்டிக்குள் வைத்து சிட்ஸ்டேஷன் என்ற சிந்தசைசராகவே விற்றது. மெஷினே சுப்ரமசி என்ற ஸ்வீடன் மெட்டல் குழு அதைக் கிட்டாரோடு சேர்த்து வாசித்து, தங்கள் பாணிக்கு "சிட் மெட்டல்" என்று பெயரும் வைத்துக்கொண்டது. ஜெர்மனியின் வெல்லே எர்ட்பால் குழு கமடோரைத் தங்கள் ஒலியின் நடுவிலேயே வைத்திருக்கிறது. ஆக, கேட்பவர் காதில் மெஷின் விழ வேண்டும் என்றால் இதற்கு நிகரான போட்டியே இல்லை.

அடுத்தது அமிகா. முதல் மாடல் 1985-ல் வந்தது, வீடுகளுக்குள் பரவலாக நுழைந்த அமிகா 500 வந்தது 1987-ல். இதன் பாலா சிப் தானாக ஒலி எதையும் உண்டாக்காது. நீங்கள் பதிவு செய்து கொடுக்கும் 8 பிட் சாம்பிள்களை, அதாவது ஒலித் துண்டுகளை, நான்கு சேனல்களில் வாசிக்கும். இரண்டு சேனல் இடது பக்கம், இரண்டு வலது பக்கம், நடுவில் ஒன்றும் கிடையாது. ஹெட்ஃபோனில் கேட்டால் டிரம் ஒரு காதிலும் மெட்டு மறு காதிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் தடவை கேட்பவர் கொஞ்சம் திகைத்துப்போவார். ஆனால் இசை செய்பவர்களுக்கு அமிகா தந்த பெரிய கொடை டிராக்கர். 1987-ல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி வெளியிட்ட அல்டிமேட் சவுண்ட்டிராக்கரில் இசை மேலிருந்து கீழாக ஓடும். பக்கம் பக்கமாக 64 வரிகள், நான்கு பத்திகள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ஸ்வரம், எந்த சாம்பிள் என்ற எண், அதை என்ன செய்ய வேண்டும் என்ற ஒரு கட்டளை. ஒரு கட்டத்துக்கு 4 பைட், ஆக ஒரு பக்கத்துக்குச் சரியாக 1024 பைட். சாம்பிள்களும் இந்தப் பக்கங்களும் சேர்ந்து ஒரே கோப்பில் இருப்பதால், யாருடைய பாட்டையும் திறந்து, எந்த இடத்தில் என்ன செய்திருக்கிறார் என்று வரிவரியாகப் படிக்கலாம். குரு வீட்டுக்குப் போகாமல் பாடம் கேட்க இதைவிட நல்ல வழி அந்தக் காலத்தில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

512 கேபி நினைவகம் என்பதும் தன் பங்குக்கு ஒரு பாணியை உருவாக்கியது. ஏறத்தாழ 16,500 ஹெர்ட்ஸில் 8 பிட் பதிவு செய்தால் ஒரு விநாடிக்குச் சுமார் 16 கேபி போய்விடும். மொத்த நினைவகத்தையும் சாம்பிளுக்கே கொடுத்தால்கூட அரை நிமிடம்தான் தேறும். அதனால் எல்பி ரெக்கார்டை வேகமாகச் சுழலவிட்டுப் பதிவு செய்வார்கள். சாம்பிளின் நீளம் குறையும். பிறகு அமிகாவில் சுருதியை இறக்கி வாசிப்பார்கள். அப்போது ஒலியில் ஒரு சொரசொரப்பு ஏறும். ஜங்கிள் டிரம்மின் அந்தக் கரடுமுரடில் இந்தச் சிக்கனத்துக்கும் பங்கு உண்டு. அஃப்ரோடைட் என்ற பெயரில் புகழ்பெற்ற ஆங்கில டிஜே இரண்டு அமிகா 1200-களையும் ஆக்டாமெட் என்ற டிராக்கரையும் வைத்துத்தான் தன் பாட்டுகளைச் செய்தார். இவையெல்லாம் முடிந்துபோன காலத்தில், 2007-ல், ஸ்காட்லாந்து டிஜே கால்வின் ஹாரிஸ் தன் முதல் ஆல்பத்தை அமிகாவில் செய்து வெளியிட்டார். கேட்டவர்களில் எத்தனை பேருக்கு அது அமிகா என்று தெரிந்திருக்கும்? தெரிய வழியே இல்லை, ஏனென்றால் சாம்பிள் யாருடையதோ அவருடைய குரல்தான் கேட்கும்.

நேரில் பார்த்தால்தான் ரசிக்க முடிகிற ஒரு விஷயமும் இதில் உண்டு. அமிகாவில் ஒலியை மழுக்கும் ஒரு ஃபில்டர் இருக்கிறது, அதை பவர் விளக்கோடு இணைத்திருக்கிறார்கள். நிரல் ஃபில்டரை அணைத்தால் விளக்கு மங்கும், திரும்பப் போட்டால் பிரகாசமாகும். பாட்டில் ஹைஹாட் தட்டின் ஒலி திடீரெனத் தெளிவாகும் அதே நொடியில் பெட்டியின் முன்னால் சிவப்பு விளக்கு தணிவதைப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

அடாரி எஸ்டி பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 1985-ல் வந்தது, 8 மெகாஹெர்ட்ஸ் 68000 பிராசஸர். ஒலிச் சிப் யமஹா 2149, மூன்று சதுர அலைகள். சிட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் வெறும் தண்ணீர். ஆனால் கம்ப்யூட்டருக்கும் சிந்தசைசர்களுக்கும் இடையே ஸ்வரங்களைக் கொண்டுபோகும் மிடி இணைப்பு, உள்ளே வர மிடி இன், வெளியே போக மிடி அவுட் என்று, பெட்டியிலேயே இருந்தது. மற்றக் கம்ப்யூட்டர்களுக்கு இதைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். மேலே இன்னொரு நிரல் ஓடி இடையூறு செய்யாததால் தாளம் பிசகாது. மிடி கம்பியில் ஒரு ஸ்வரம் போக ஏறக்குறைய 1 மில்லிவிநாடி ஆகும், அதற்கு மேல் எஸ்டி தன் பங்குக்குக் காக்கவைப்பதில்லை. கூர்மையான 640-க்கு 400 கருப்பு வெள்ளைத் திரையும் சேர்ந்ததால் ஸ்டுடியோக்காரர்கள் இதைத் தேடிப்போனார்கள். 1989-ல் இசை கோர்க்கும் நிரலான க்யூபேஸ் முதலில் வந்தது இந்த மெஷினுக்குத்தான். இன்றைய லாஜிக் என்ற இசை நிரலின் மூதாதையான நோட்டேட்டரும் இங்கேதான் வளர்ந்தது. எல்லோரும் புது மெஷினுக்குப் போன பிறகும் ஆங்கில டிஜே ஃபேட்பாய் ஸ்லிம் நெடுங்காலம் இதை விடவில்லை.

எஸ்டி கதைகளில் என் மனதுக்கு நெருக்கமானது ஒயிட் டவுன் கதை. ஒயிட் டவுன் என்பது ஜோதி மிஸ்ரா என்ற ஒரே ஆள். ரூர்கேலாவில் பிறந்து இங்கிலாந்தின் டார்பியில் வளர்ந்தவர். வீட்டில் ஒரு அடாரி எஸ்டி, பத்திரிகையோடு இலவசமாக வந்த, ஸ்வரங்களை வரிசையாகக் கோர்க்கும் சீக்வென்சர் நிரல், கேசட்டில் பதிவு செய்யும் எட்டு டிராக் ரெக்கார்டர். இவ்வளவை வைத்துக்கொண்டு அவர் செய்த யுவர் உமன் 1997 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. அந்தப் பாட்டிலும் அடாரியின் குரல் கிடையாது. அடாரி அவருக்குக் குழுவாக உட்கார்ந்து வாசித்தது.

ஸ்பெக்ட்ரம் என்ற பிரிட்டிஷ் வீட்டுக் கம்ப்யூட்டரையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிரிட்டனில் வளர்ந்தவர்கள் யாரைக் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். 1982-ல் வந்த 48கே மாடலில் ஒலிச் சிப்பே கிடையாது. ஒரு ஸ்பீக்கர், ஒரு பிட்: திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும், அவ்வளவுதான். பேசிக்கில் பீப் 1,0 என்று அடித்தால் ஒரு விநாடிக்கு மிடில் சி ஒலிக்கும், அது முடியும்வரை கம்ப்யூட்டர் வேறு எதையும் செய்யாது. இதற்குள்ளும் விளையாட்டு இசையமைப்பாளர் டிம் ஃபாலின் பல குரல்களைப் புகுத்தினார். பிராசஸரின் மொத்த நேரத்தையும் அந்த ஒற்றை பிட்டைத் திறந்து மூடுவதற்கே செலவழித்ததால், அந்த இசை தலைப்புத் திரையில்தான் ஒலிக்க முடிந்தது, விளையாடும்போது முடியாது. 1983-ல் ஆங்கிலப் பாடகர் பீட் ஷெல்லி தன் எக்ஸ்எல்1 ஆல்பத்தில் ஒரு ஸ்பெக்ட்ரம் நிரலையும் ஒலியாகச் சேர்த்து வெளியிட்டார். அதை ஏற்றி ஓடவிட்டால் பாட்டோடு சேர்ந்து வரிகள் திரையில் வரும். இந்தியாவிலும் டெசிபெல்ஸ் நிறுவனம் ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸை விற்றது, 1984-ல் தொடங்கிய அரசின் கிளாஸ் திட்டத்தில் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் வந்தது. உங்கள் உறவினர் வீட்டுப் பரணில் இவற்றில் ஒன்று கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஆனால் இசைக்கு முதல் மெஷினாக இவற்றைக் காசு கொடுத்து வாங்கச் சொல்ல மாட்டேன்.

சரி, எதை வாங்குவது? ஒரு மெஷினைக் காசு கொடுத்து, கடல் தாண்டி வரவழைத்து, பராமரிக்கவும் வேண்டும் என்றால், அதில் கிடைப்பது லேப்டாப்பில் கிடைக்காததாக இருக்க வேண்டும். இந்தத் தராசில் அமிகா தோற்றுவிடுகிறது. அதன் இசை முழுக்க எண்கள். ஓபன்எம்பிடி போன்ற இலவச டிராக்கரில் அதே கோப்பைத் திறந்தால் கிட்டத்தட்ட அதே ஒலிதான் வரும். அந்தக் குறிப்பிட்ட சொரசொரப்பு அப்படியே வேண்டும் என்றால் எமுலேட்டர், அதாவது பழைய மெஷினைப் போலவே நடிக்கும் நிரல், போதும். டிராக்கர் பழக வேண்டும் என்பவர்களுக்கு என் அழுத்தமான சிபாரிசு இதுதான்: அமிகாவின் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள், பெட்டி வேண்டாம். பெட்டி வாங்கியே தீருவேன் என்பவர்கள் அமிகா 1200-ல் கசியும் கெபாசிட்டர்களையும், அமிகா 500-ன் கூடுதல் நினைவக அட்டையில் கசியும் பேட்டரியையும் முதல் வேலையாகப் பார்க்க வேண்டும். பேட்டரியிலிருந்து கசியும் காரம் தாமிரத் தடங்களைத் தின்றுவிடும்.

எஸ்டி ஒரே ஒரு வகை ஆளுக்குப் பொருந்தும். ஏற்கெனவே இரண்டு மூன்று மிடி சிந்தசைசர்கள் வைத்திருப்பவர், இணையமும் அறிவிப்புகளும் இல்லாத ஒரு திரை முன்னால் உட்கார்ந்து கோர்க்க விரும்புபவர். அவருக்கு இது இன்றும் உண்மையாகவே நல்ல கருவி. ஃப்ளாப்பி டிரைவுக்குப் பதிலாக யுஎஸ்பி ஏற்கும் கோடெக் டிரைவ் ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். ஆனால் பழைய க்யூபேஸுக்கு கார்ட்ரிட்ஜ் துளையில் செருகும் பூட்டுச் சாவி தேவை, அது இல்லாமல் வாங்கிவிடாதீர்கள். சிந்தசைசர் எதுவும் இல்லாதவர் எஸ்டி வாங்கினால் அந்த மூன்று சதுர அலைகளோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மிஞ்சுவது கமடோர் 64. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதைத்தான் வாங்குங்கள். காரணம் முன்பு சொன்ன ஃபில்டர். அது அனலாக், அதிலும் முதல் வகையான 6581 சிப்பில் ஒன்றுக்கொன்று வேறுபடும். ஒரே பாட்டு ஒரு மெஷினில் பளிச்சென்றும் இன்னொன்றில் மூக்கடைத்தது போலவும் கேட்கும். பின்னால் வந்த 8580-ல் ஃபில்டர் ஒழுங்காக நடக்கிறது, இரைச்சலும் குறைவு. ஆனால் வால்யூமை அடுத்தடுத்து மாற்றி சாம்பிள் ஒலிக்கவைக்கும் பழைய தந்திரம் அதில் மிகவும் மெலிந்துவிடும். எமுலேட்டர்கள் மிக அருகில் வந்துவிட்டன, அதை மறுக்கவில்லை. இருந்தாலும் கையில் இருக்கும் அந்த ஒரு சிப்புக்கென்று ஒரு தொண்டை இருப்பதும், அந்தத் தொண்டைக்கு ஏற்ப மெட்டு போடுவதும் லேப்டாப்பில் கிடைக்காத அனுபவம். முதல் மெஷினுக்கு நான் 6581-ஐயே தேர்ந்தெடுப்பேன். ஹப்பார்ட் காலத்துப் பாட்டுகள் அதற்காகவே எழுதப்பட்டவை.

வாங்கும்போது பால் (PAL) என்ற ஐரோப்பிய டிவி முறைக்கான மாடலாகப் பாருங்கள். நம் ஊர் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அதற்கு நேராகப் பொருந்தும். அமெரிக்க மாடலுக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதோடு விநாடிக்கு 60 முறை ஓடுவதால் ஐரோப்பியப் பாட்டுகள் 20 சதவீதம் வேகமாக ஓடி, சுருதியும் சற்று ஏறிக் கேட்கும். பழைய பவர் சப்ளையை ஒருபோதும் சொருகாதீர்கள். பிசின் ஊற்றி அடைத்த அந்தக் கட்டைக்குள் இருக்கும் ரெகுலேட்டர் பழுதானால் 5 வோல்ட்டுக்குப் பதில் அதிக வோல்ட் ஏறி நினைவகச் சிப்களை எரித்துவிடும். புதிதாகச் செய்த சப்ளையை மெஷினோடு சேர்த்தே வாங்குங்கள். 6581-க்கு 12 வோல்ட், 8580-க்கு 9 வோல்ட் என்பதால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை அப்படியே செருகவும் கூடாது. தனியாக விற்கும் சிட் சிப்களில் போலி நிறைய உண்டு, எனவே ஓடும் மெஷினோடு வருவதே நல்லது. மூடியைத் திறந்து சிப்பின் மேல் உள்ள எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்று குரலும் ஃபில்டரும் வேலை செய்வதை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்குச் செலவே இல்லை. கோட்டிராக்கர் என்ற இலவச நிரலை லேப்டாப்பில் போட்டு, மூன்று குரலில் ஒரு சின்னப் பாட்டைச் செய்யுங்கள். பிறகு சிப்பை 6581, 8580 என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். அந்த வித்தியாசம் உங்களுக்குப் பெரிதாகப் படவில்லை என்றால் லேப்டாப்பிலேயே இருந்துவிடலாம், பணம் மிச்சம். ஃபில்டர் திறக்கும் இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கத் தோன்றினால் மெஷினைத் தேட ஆரம்பியுங்கள். வந்து சேர்ந்ததும் அதே பாட்டை மெமரி கார்டில் போட்டு, ஃப்ளாப்பி டிரைவ் போல நடிக்கும் சிறு கருவி ஒன்றின் வழியாக அதில் ஓடவிடலாம்.